மூலை வெட்டின படங்கள்

இந்தப் பை உங்க முழங்கால்ல இடிக்குதா? இடிச்சாச் சொல்லுங்க, அங்கிட்டுத் திருப்பி வச்சுக்கிறேன். மேல வைக்கச் சொல்லிக் கண்டக்டர் ரெண்டு தடவ சொல்லிட்டாரு. மேல வச்சா எவனாவது அதுமேல வாழைத்தாரத் தூக்கி வைப்பான், மடங்கிப் போகும். உள்ள இருக்கிறது எக்ஸ்ரே படம். அஞ்சு படம். மடங்குச்சுன்னா அதுக்கும் அந்த டாக்டரு என்னையத்தான் வைவாரு. ஏற்கெனவே போன வாரம் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்.

நீங்க எங்க எறங்கணும்? மதுரை. சொந்த ஊரே அதுதானா? மானாமதுரையா, அப்ப நம்ம பக்கம் கெடையாது. சின்னமனூர்ல உறவுக்காரவுக யாரும் உண்டா? உத்தமபாளையத்துல? கல்யாணத்துக்கு வந்தீகளாக்கும். எந்த மண்டபம்? பைபாஸ்ல புதுசாக் கட்டியிருக்காகளே, அதா? அப்பச் சரி. அங்க வேற மாஸ்டரு சமையல். கோவிச்சுக்காதீக தங்கச்சி, என்ன இவ போலீசுக்காரி மாதிரிக் கேக்குறாளேன்னு நெனைக்காதீக. காரணமாத்தான் கேட்டேன். நம்ம பக்கத்து ஆளுன்னா நான் மழை பெஞ்சதப் பத்தி நாலு வார்த்தை பேசிட்டு வாய மூடிக்கிருவேன். உங்கள இனிமே நான் பாக்கப் போறதில்ல, நீங்களும் என்னையப் பாக்கப் போறதில்ல. மூணு பேரு சீட்டுல நாம ரெண்டு பேருதான் இருக்கோம். ஒன்பது வருசமா ஒருத்தர்கிட்டயும் சொல்லாம நெஞ்சடைச்சுக் கெடக்கேன்.

அந்தா, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு. பச்சைத் துண்டு போட்டு, தலைய சன்னல் கம்பியில சாச்சிருக்கான்ல, அவன் என் தம்பி. தங்கமாயன். நாப்பத்தஞ்சு வயசு. கல்யாண வீட்டுச் சமையல்காரன். மாயன் மாஸ்டர்னா எங்க பக்கம் நாலு ஊருக்குத் தெரியும். என் பேரு பவுன்தாயி. வீட்டுலயே மிஷின் போட்டுப் பிளவுசு தைக்கிறேன். எனக்கு வீட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு, அவனுக்குப் பொண்டாட்டி பிரிஞ்சு போயிட்டா. நான் அவனுக்கு, அவன் எனக்கு. வேற ஆளு கெடையாது. என் பக்கத்துல உக்காருடான்னா, "நீ மதுரை வரைக்கும் நொய்நொய்னுவ, நான் தூங்கணும்"னு அங்க போய் உக்காந்துட்டான். தூங்குறான்னா நெனைக்கிறீக? இருமல அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கான். அந்தத் தோள் குலுங்குது பாருங்க.

காதக் கொஞ்சம் கிட்டக் கொண்டாங்க. அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கு.

நகரல நீங்க. நல்லது. ஆஸ்பத்திரி வராண்டாவுல நகந்து உக்காருறவுகளப் பாத்திருக்கேன். எப்படி வந்துச்சுன்னு கேக்காதீக. நானே கேக்கல. கேட்டு என்ன ஆகப் போகுது? பொண்டாட்டிக்கு ஒண்ணும் இல்லைன்னு ரிசல்ட்டு வந்துச்சு, அவ நல்லாருக்கட்டும். இவன் அன்னையிலருந்து தெனமும் மாத்திரை, ஒரு நாள் தவறினதில்ல. பந்தி ஓடிக்கிட்டு இருந்தாலும் கரண்டியக் கீழ வச்சுட்டு, மாத்திரையப் போட்டுட்டுத்தான் மறுபடி அடுப்புகிட்டப் போவான். ஆளு கல்லு மாதிரி இருந்தான். ரத்தத்துல கிருமியே தெரியல, அம்புட்டுக்கு அமுங்கிருச்சுன்னாக. மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட்டா மத்தவுக மாதிரி முழு ஆயுசும் இருக்கலாம்னாக. இதச் சொன்னது யாரு? டாக்டருகதான். இப்ப வந்து நுரையீரல்ல கட்டியா இருக்கலாம்னா எனக்குக் கோவம் வருமா வராதா?

மதுரையில ஒரு நெஞ்சு டாக்டரு. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீக, அது வேணாம். சின்ன வயசுதான், எனக்குன்னு ஒரு மகன் இருந்திருந்தா அந்த வயசு இருக்கும். அவரு சொல்றாரு, "அம்மா, இந்தக் கிருமி இருக்கிறவங்களுக்கு நுரையீரல்ல எல்லாமே கொஞ்சம் கூடுதலா வரும். டி.பி. வரும், நிமோனியா வரும். புற்றுநோயும் மத்தவங்களவிட அதிகமா வருது, வயசு குறைவாவே வருது. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாலும் அந்த ஆபத்து முழுசாப் போறதில்ல." நான் கேட்டேன், "அத ஏன் சார் ஒன்பது வருசமா ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல?" அவரு படத்தத் தூக்கி லைட்டுல வச்சுப் பாத்தாரு. பதில் இல்லாதப்பப் பாக்கிறதுக்கு அவுகளுக்கு அந்த லைட்டு ஒண்ணு இருக்கு.

மொதல்லருந்து சொல்றேன். ஆறு வருசத்துக்கு முன்னாடி அவனுக்கு டி.பி. வந்துச்சு. ஆறு மாசம் மருந்து சாப்பிட்டான், சரியாப் போச்சு. நெஞ்சுல ஒரு வடு மட்டும் நிக்கும், அது ஒண்ணும் செய்யாது, காயம் ஆறுனாத் தழும்பு இருக்கிறதில்லையா, அது மாதிரின்னாக. வடு. அந்த ஒரு வார்த்தைய நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் மூணு வருசத்துக்கு முன்னாடி ஒருக்கா நிமோனியான்னு பத்து நாள் படுத்தான், அதுவும் போச்சு. போன வருசம் ஐப்பசியில ஆரம்பிச்சதுதான் இந்த இருமல். ஒரு வருசம் தாண்டிருச்சு. போகவே மாட்டேங்குது தங்கச்சி. தாளிக்கிற நெடியில இருமுறான்னு நெனச்சேன். தாளிக்காதப்பவும் இருமுறான்.

எங்க ஊர்ல ஒரு டாக்டரு, கைராசிக்காரரு. அவருகிட்டக் காட்டுனோம். அஞ்சு மாசமா டானிக்கு, டானிக்கு, டானிக்கு. சமையக்கட்டுல இருமல் டானிக்குப் பாட்டிலாவே நிக்குது, நான் அதுல நல்லெண்ணெய் ஊத்தி வச்சிருக்கேன். அவருகிட்ட எச்.ஐ.வி.ன்னு சொல்லலை. எப்படிச் சொல்ல? அவரு சம்சாரம் என்கிட்டத்தான் பிளவுசு தைக்குது. விறகடுப்புப் பொகை சார்னு நான் சொன்னேன், அவரும் பொகைதான்னு நம்பிட்டாரு. அம்புட்டுப் படிச்ச டாக்டரு ஒரு தையக்காரி சொன்னத அப்படியே நம்பலாமா, நீங்களே சொல்லுங்க.

சரி, இனிமே ஒளிக்கக் கூடாதுன்னு இன்னொரு ஊர்ல போய் உள்ளதச் சொன்னோம். சொல்லி முடிக்கல, எச்.ஐ.வி.யா, இருமலா, அப்ப டி.பி.தான்னு மறுபடியும் டி.பி. மாத்திரையக் குடுத்துட்டாக. சளியில கிருமி இல்லையே சார்னேன். இவங்களுக்குச் சில சமயம் சளியில தெரியாதும்மான்னாக. நாலு மாசம் சாப்பிட்டான். மூத்திரம் செவப்பாப் போனதுதான் மிச்சம், இருமல் அப்படியே இருந்துச்சு. சொல்லலைன்னாப் பொகைங்கிறாக, சொன்னா டி.பி.ங்கிறாக. அவன் நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கத்தான் ஆளு இல்ல. அங்கயும் படத்தப் பாத்துட்டு, இது என்ன நெழல்னு ஒருத்தர் கேக்கத்தான் செஞ்சாரு. "பழசு சார், டி.பி. வடு, ஆறு வருசமா இருக்கு"ன்னு நான் பளிச்சுன்னு சொல்லிட்டேன். நமக்கும் நாலு விசயம் தெரியும்னு அவுகளுக்குக் காட்டணும்ல.

ஆண்டிபட்டி வந்துருச்சா? பாருங்க, பாருங்க, பஸ்ஸு நிக்கிறதுக்குள்ள எழுந்திரிச்சிட்டான். எதுக்குங்கிறீக? பீடிக்கு. ரெண்டு இழுப்பு இழுத்துட்டு விசில் அடிக்கவும் ஓடி வந்து ஏறுவான். ஒரு நாளைக்கு எத்தனையா? அது ஆகும், ரெண்டு கட்டு. கல்யாணம்னா மூணு. சமையல்காரன் எவன்தான் குடிக்கல? அடுப்ப விட்டு அவன் ஒதுங்கிற நேரமே அதுதான். அந்த மதுரை டாக்டரு கேட்டாரு, கேக்காம என்ன. "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?"ன்னு அவனத்தான் கேட்டாரு. அவன் வாயத் தெறக்குறதுக்குள்ள, "ஒரு பழக்கமும் கெடையாது சார், தங்கமான பிள்ள"ன்னு நான் சொல்லிட்டேன். பின்ன? அந்த வியாதியச் சொன்னதுக்கே ஒரு மாதிரி பாக்குறாக. இதுல பீடின்னு வேற சொல்லி அவன இன்னும் கேவலப்படுத்தணுமா?

ஏன் ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரியா ஓடுனீக, ஒரே எடத்துல காட்டியிருந்தா அவுககிட்டயே எல்லாப் படமும் இருந்திருக்குமேன்னு நீங்க கேக்கலாம். அவன் தொழில நெனச்சுப் பாருங்க. சோறு பொங்குறவன். அவனுக்கு இன்னது இருக்குன்னு ஒரு வாய்க்குத் தெரிஞ்சாப் போதும், எவனும் அவன் வச்ச ரசத்தத் தொட மாட்டான். சோத்துல தொத்தாதுன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், மண்டபத்துக்காரருக்குத் தெரியுமா? அதனால அவன் தெனமும் போடுற மாத்திரைய நம்ம மாவட்டத்துல வாங்கல, பக்கத்து மாவட்டத்துக்கு எழுதி வாங்கிட்டோம். வாங்குன கையோட பஸ் ஸ்டாண்டுலயே சத்து மாத்திரை டப்பாவுல கொட்டிருவேன். படம் எடுக்கணும்னா ஒரு தடவ எடுத்த ஊர்ல மறு தடவ எடுக்க மாட்டோம். எல்லாம் என் ஏற்பாடுதான். அவனுக்கு இம்புட்டுச் சாமர்த்தியம் கெடையாது.

மாத்திரை குடுக்குற எடத்துல மாசா மாசம் நாலு கேள்வி கேப்பாக. இருமல் இருக்கா, காச்சல் இருக்கா, எடை கொறஞ்சிருக்கா, தூக்கத்துல வேர்க்குதா. நாலுக்கும் இல்லைன்னாப் பத்து நிமிசத்துல மாத்திரையக் குடுத்து அனுப்பிருவாக. ஒண்ணுக்கு ஆமான்னாலும் சளி எடு, படம் எடு, அங்க போ, இங்க போ, அன்னைக்குப் பொழுது போச்சு. முகூர்த்த மாசத்துல அதுக்கு நேரம் ஏது? அதனால நான் அவனுக்குப் பழக்கி விட்டிருக்கேன். அவுக கேக்க ஆரம்பிக்கவும் இவன் இல்ல, இல்ல, இல்ல, இல்லன்னு முடிச்சிருவான். எடை மிஷின்ல ஏறும்போது சாவிக்கொத்தும் செல்லும் சட்டைப் பையிலயே இருக்கும். ஒருக்கா இருமிக்கிட்டே இருமல் இல்லைன்னான். அந்த நர்சுப் பிள்ள குனிஞ்ச தல நிமிராம டிக்கு அடிச்சிருச்சு. இது யாரு தப்பு? அது நிமிந்து பாத்திருக்க வேணாமா?

படத்துக்கு வாரேன். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் மொத வேலையா மூலைய வெட்டிருவேன். அங்கதான பேரு, வயசு, தேதி, எந்த ஆஸ்பத்திரி எல்லாம் அடிச்சிருக்கு. ஒரு எடத்துல செவப்பு மையில வேற என்னமோ எழுதி வட்டம் போட்டிருந்தாக. எங்க வீடு டைலர் வீடு தங்கச்சி, காலையில தெறந்த கதவு மூடுறதில்ல. அளவு குடுக்க வாரவ கட்டில்ல உக்காந்து மெத்தைய நீவிக்கிட்டே ஆயிரம் கேள்வி கேப்பா. மெத்தைக்கு அடியில படம் இருக்கு, அதுல தங்கமாயன்னு பேரும் இருந்துச்சுன்னா என்ன ஆகும்? பேரு இல்லாத படம் யாரு நெஞ்சா வேணாலும் இருந்துட்டுப் போகுது. ஒருத்தி பாத்துட்டு யாருதுன்னு கேட்டா. செத்துப் போன எங்க வீட்டுக்காரருதுன்னுட்டேன். அவ கண்ணத் தொடச்சுக்கிட்டா, நானும் தொடச்சுக்கிட்டேன்.

அந்த மூலைதான் இப்ப என் உசுர எடுக்குது. போன வாரம் அந்தச் சின்ன டாக்டரு ஸ்கேனு எடுத்துப் பாத்துட்டு, "இது பழைய வடுவா, புதுசா வந்த கட்டியான்னு தெரியணும், பழைய படம் இருக்கா?"ன்னு கேட்டாரு. பெருமையா எடுத்து நீட்டுனேன். திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. "தேதி எங்கம்மா?" "மூலை கிழிஞ்சு போச்சு சார்." "அஞ்சு படத்துலயும் அதே மூலை கிழியுமாம்மா?" நான் வாயால வரிசை சொன்னேன். இதுதான் சார் மொதப் படம், டி.பி. முடிஞ்ச வருசம் எடுத்தது, இதுலயே அந்த நெழல் பொத்தான் மாதிரி இருக்கு பாருங்க, அப்ப இருந்தே இருக்கு சார்னேன். ஒத்துக்கல மனுசன். தேதி இல்லாத படத்த வச்சு எதையும் சொல்ல முடியாதாம். நெஞ்சுல ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கணுமாம்.

நான் முடியவே முடியாதுன்னேன். ஊசின்னா ஆஸ்பத்திரியில படுக்கணும், படுத்தா ஊரு என்னன்னு கேக்கும், தை மாசம் முகூர்த்தம் பூராம் ஒத்துக்கிட்டு வந்திருக்கான். வடுவுக்குப் போய் எதுக்கு சார் ஊசின்னு சத்தமே போட்டுட்டேன். அந்த டாக்டரு கோவப்படல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மெதுவாச் சொல்றாரு, "சரிம்மா. இந்த நிழல் ரெண்டு மூணு வருசத்துக்கு முன்னாடியே இதே எடத்துல, இதே அளவுல இருந்துச்சுன்னு தேதியோட காட்டுங்க. ஊசி வேணாம்னு நானே எழுதித் தரேன். காட்ட முடியலைன்னா அடுத்த வாரம் ஊசி. கட்டியா இருந்தா இப்ப அறுத்து எடுக்க வழி இருக்கும். இன்னும் நாலு மாசம் பழசு பழசுன்னு நீங்க சொல்லிக்கிட்டு இருந்தா இருக்காது."

காட்டுறேன் சார்னு சவால் விட்டுட்டு வந்துட்டேன். எப்படிங்கிறீகளா? இந்தா, இந்தப் பிஸ்கட் டப்பா. வெட்டுன மூலை அஞ்சும் இதுக்குள்ள இருக்கு. குப்பையில போட்டாப் பொறுக்குற ஆளு பேரப் படிச்சிருவான். அடுப்புல போடலாம்னு ஒருக்கா எடுத்தேன். உசுரோட இருக்குற பிள்ள பேரத் தீயில போடுறதான்னு கை வரல. பழைய பொத்தானோட பொத்தானாக் கெடக்கட்டும்னு போட்டு வச்சேன். வீட்டுல வச்சுப் படத்தத் தூக்கிப் பாக்க முடியல, எந்நேரமும் ஆளு. ஆஸ்பத்திரியில போய் அவரு முன்னாடியே ஒவ்வொண்ணா ஒட்டிக் காட்டி, அவரு மூஞ்சி போற போக்கப் பாக்கணும்னு இருக்கேன்.

உசிலம்பட்டி. இங்க பத்து நிமிசம் நிக்கும். அந்தா, எறங்கிட்டான். டீயும் பீடியும். தங்கச்சி, ஒரு ஒத்தாசை செய்யுறீகளா? அவன் வாரதுக்குள்ள ஒரு தடவ ஒட்டிப் பாத்துருவோமா? ஆஸ்பத்திரியில போய்த் தடுமாறக் கூடாதுல்ல. சன்னல் பக்கம் நீங்கதான் இருக்கீக, நல்ல வெளிச்சம். நான் கண்ணாடிய மாட்டிக்கிறேன்.

இதப் பிடிங்க. இதுதான் நான் சொன்ன மொதப் படம். தெரியுதுல்ல, பொத்தான் மாதிரி வெள்ளையா? இதோட மூலை எது... இது இல்ல, இது வளைச்சு வெட்டினது. இதுவும் இல்ல. இந்தா. ஒட்டிக்கிருச்சு பாருங்க, எழுத்துல பாதி இங்கிட்டு, பாதி அங்கிட்டு, சேந்துருச்சு. தேதியப் படிங்க, பொடி எழுத்து எனக்குத் தெரியாது. எந்த வருசம்?

போன வருசமா?

நல்லாப் பாருங்க தங்கச்சி. போன வருசம் நவம்பரா? இருக்காது. நான் மூலைய மாத்தி வச்சிருப்பேன். குடுங்க, வேற துண்டு வச்சுப் பாக்குறேன். இது சேரல. இது சேரல. இதுவும் சேரல. சேராதுதான். முப்பது வருசமாத் துணி வெட்டுறேன், எந்த வெட்டுக்கு எந்தத் துண்டுன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். அப்ப இது இருமல் ஆரம்பிச்சப்ப எடுத்தது. நான்தான் தப்பாச் சொல்லியிருக்கேன்.

சரி, விடுங்க. அடுத்தது. இந்தப் படத்துக்கு இந்த மூலை. எந்த வருசம்? ஆறு வருசத்துக்கு முன்னாடியா. அப்ப இதுதான் மொதப் படம். தூக்கிப் பிடிங்க. பொத்தான் எங்க? கீழ பாருங்க, கீழ. இல்லையா? மேல ஒரு கோடு இருக்கா, சாக்கட்டியில இழுத்த மாதிரி? ஆமா. அது மட்டுந்தானா?

இது நிமோனியா வந்தப்ப எடுத்தது, சரியா? மூணு வருசம். மேல அதே கோடு. கீழ... ஒரு மொளகு கெடக்கு. தெரியுதா உங்களுக்கு? எனக்குத் தெரியுது. அடுத்தது நாம மொதல்ல பாத்த படம், பொத்தான். இது? இந்த வருசம் ஏப்ரலா. கோட்டு சூட்டுல தைக்கிற பெரிய பொத்தான் அளவு ஆயிருச்சு. கடைசிப் படம் ஆகஸ்ட்டு, டி.பி. மாத்திரைய நிறுத்துனப்ப எடுத்தது. இதப் படிக்க வேணாம், படம் பாத்தாலே தெரியுது. எலுமிச்சங்கா இருக்கு உள்ள.

அந்தக் கோடு அஞ்சுலயும் அதே எடத்துல, அதே அளவுல இருக்கு பாத்தீகளா? அதுதான் வடு. இது வேற. இது எதிர்ப்பக்கம், கீழ இருக்கு. ரெண்டும் வேற வேற தங்கச்சி. எனக்கு இத்தனை நாளா ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சிருக்கு.

பழசு சார்னு எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுமா? அவுக கேட்டாக. கேக்காம இல்ல. ஒருத்தர் இல்ல, மூணு பேரு கேட்டாக. நான் சொன்னத ஏன் நம்புனாக? நான் என்ன டாக்டரா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நீ சும்மா இரும்மான்னு என்னைய வெளிய தள்ளிக் கதவச் சாத்தியிருக்கக் கூடாதா? எனக்கு யாரையாவது பிடிச்சு வையணும் போல இருக்கு, யாரன்னு தெரியல. அந்தக் கத்திரிக்கோல எடுத்தது இந்தக் கைதான்.

இருங்க, படத்தக் கீழ எறக்குங்க. அவன் சன்னலுக்கு வெளிய நிக்கிறான். பாத்துட்டான்.

என்னடா? ஒண்ணுமில்ல. சும்மா பாத்தோம். நீ டீயக் குடி.

கேட்டீகளா தங்கச்சி? "பழசுதானக்கா?"ன்னு கேக்குறான். கையில பீடி. நீங்க இன்னும் படத்த எறக்கல, அவன் நெஞ்சு சன்னல்ல தெரியுது, அதப் பாத்துக்கிட்டே பொகைய விடுறான். அவனுக்கு ஒரு பயமும் இல்ல, அக்கா சொல்லியிருக்கா பழசுன்னு. இப்ப நான் என்னத்தச் சொல்ல? எனக்குப் பயமா இருக்கு. அவனும் போயிட்டா அந்த வீட்டுல மிஷினும் நானும்தான்.

என் கைப்பையில ஊசி நூலு இருக்கு, எடுங்க. தடிச்ச ஊசி, மஞ்ச நூல் சுத்தியிருக்கும். டேப்பு வேணாம், டேப்பு பிச்சுக்கிட்டு வந்துரும். தச்சுருவோம். அஞ்சு மூலையையும் அந்தந்தப் படத்தோட தச்சுக் குடுத்தா அந்த டாக்டருக்கு வரிசை தெரியும்ல. மொளகு அளவுல இருந்தது எப்ப, எலுமிச்சங்கா ஆனது எப்பன்னு தேதியோட தெரியும்ல. சவால்ல தோத்துட்டேன்னு அவரு சிரிச்சாலும் சிரிக்கட்டும். நூலக் கோத்துக் குடு தாயி. முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் அடுத்தவுகளக் கோக்கச் சொல்றேன்.

பேரு வெளிய தெரியுறாப்புல வச்சுத் தைக்கிறேன். தெரியட்டும்.

வாடா. அங்கிட்டுப் போகாத, இங்க வந்து உக்காரு, என் பக்கத்துல. நொய்நொய்னு சொல்ல மாட்டேன். இந்தத் தங்கச்சியா? நமக்குத் தெரிஞ்சவுகதான். எனக்கு டீ வேணாம், நீயே குடி. மாயா, இங்க பாரு. அந்த டாக்டரு ஊசி போடணும்னாப் போட்டுக்கிருவோம். இன்னைக்கே படுக்கச் சொன்னாப் படுத்துக்கிருவோம். முகூர்த்தத்துக்கு வேற மாஸ்டரப் பாத்துக்கிரட்டும். ஊரு கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். பழசு இல்லடா. பழசுன்னு நான் சொன்னது தப்பு. ஏன் இப்படிப் பாக்குற? அழுகல, கண்ணாடி இறுக்குது.

இன்னைக்கு அவரு என்ன கேட்டாலும் நான் பேச மாட்டேன். நீதான் சொல்லணும். பீடி ரெண்டு கட்டுன்னா ரெண்டு கட்டு, மூணுன்னா மூணு, எத்தனை வருசமோ அத்தனை வருசம். வேட்டி இடுப்புல நிக்காம நழுவுதுல்ல, அதையும் சொல்லணும். எதுக்கும் இல்லைன்னு சொல்லக் கூடாது. எங்க, நான் அந்த நர்சு மாதிரிக் கேக்குறேன், நீ சொல்லிப் பழகு. இருமல் இருக்கா?

பாத்தியா தாயி, இருமிக்கிட்டே இல்லைங்கிறான். நான் பழக்குன பழக்கம்.

ஆமான்னு சொல்லுடா. மதுரை போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, அதுக்குள்ள வந்துரும். நான் தச்சுக்கிட்டே கேக்குறேன். என்னையப் பாத்துச் சொல்லு, மாயா. இருமல் இருக்கா?